என்கிற

பதினான்கு வருடம் அவர் பின்னால் நடந்தேன்.
அதற்குப் பயணப்படி உண்டு.
பழையபேட்டையில் அவர் ஒரு டீ குடித்தால்
தூணுக்கு இந்தப்பக்கம் நானும் ஒன்று.
அவருடையது கடன் கணக்கு,
என்னுடையது அரசாங்கக் கணக்கு.

சின்னராஜ், த/பெ மாதையன், ஜெகதேவி.
கல் குவாரி. பத்தாவது ஃபெயில்.
பல்லில் எங்கள் மாவட்டத் தண்ணீரின் பழுப்பு.
எனக்கும் அதே பழுப்புத்தான்,
கோப்பில் அவருக்கு மட்டும்
அங்க அடையாளம் என்று எழுதினேன்.

"பேரிலேயே ஒரு ராஜா உட்கார்ந்திருக்கிறான்.
சின்ன ராஜாதான், ஆனாலும்
எழுந்து போகச் சொல்லிவிட்டேன்."
துண்டுப் பிரசுரத்தில் இதை அவர் எழுதியபோது
அபூதர் ஆகி நாற்பது நாள்.
பொன் சேர்த்தவர்களைத் தெருவில் நிறுத்திக் கேட்ட
அந்தப் பழைய அபூதர் யாரென்று
நூலகத்தில் தேடிப் படித்தேன்.
அதற்குப் படி கிடைக்கவில்லை.

தோழர்கள் விலகினார்கள்.
அரசே வேண்டாம் என்றவனுக்கு
ஆண்டவன் எதற்கு என்று கேட்டார்கள்.
அவர் சொன்ன பதில், ஒட்டுக்கேட்டது, பக்கம் 212:
"கலிமாவின் முதல் சொல் லா.
இல்லை.
இல்லை என்று ஆரம்பிக்கிற வாசல் அது ஒன்றுதான்
என் உயரத்துக்குக் குனியாமல் நுழைய முடிந்தது."

பள்ளிவாசலையும் சும்மா விடவில்லை.
மின்விசிறிக்கு நேர் கீழே
முத்தவல்லிக்கென்று விட்டிருந்த இடத்தில்
குவாரித் தூசியோடு போய் நின்றார்.
கவுஸ் பாய் முறைத்தார், பிறகு சிரித்துவிட்டு
ஓரமாய் நகர்ந்தார்.
சிரித்தார் என்பதை மேலதிகாரி அடித்துவிட்டார்.

காவேரிப்பட்டணம் மாங்கூழ் ஆலையில்
பெண்கள் கத்தியைக் கீழே வைத்த ஆனி மாதம்.
நோட்டீசில் அச்சடித்திருந்தது:
தலைமை: யாருமில்லை.
முன்னிலை: வந்தவர்கள்.
அப்படியே படிவத்தில் நிரப்பினேன்.
"யாருய்யா இந்த யாருமில்லை? தூக்கிட்டு வா"
என்றார் இன்ஸ்பெக்டர்.
தூக்கி வந்தது அவரைத்தான்.
வலது கையில் இரண்டு விரல்
அதற்குப் பிறகு மடங்கவில்லை.
நான் கதவுக்கு வெளியே நின்றேன்.
இது கோப்பில் இல்லை.

இடக்கையால் எழுதப் பழகினார்.
கையெழுத்து மாறியதில் எனக்கு வேலை கூடியது.

அரசிதழில் பெயர் மாற்ற
கடைசிவரை விண்ணப்பம் போடவில்லை.
"என் பேரை எனக்குத் தர அவன் யார்?"
ஜமாஅத் பதிவேட்டிலும் அதே பதில்.
அதனால் அரசு மருத்துவமனைப் பிணவறையில்
மறுபடியும் சின்னராஜ்.
அண்ணன் மகன் திம்மராயன்
ஜெகதேவிக்கு வேன் பேசிவிட்டான்.
கவுஸ் பாய் கையைப் பிசைந்தார்:
"பதினோரு வருசம் பக்கத்தில் நின்று தொழுதார்.
காகிதத்தில் ஒன்றும் இல்லையே."

காகிதம் என்னிடம் இருந்தது.
ஓய்வு பெற்று மூன்று மாதம்,
என் பீரோவில் இருக்கக் கூடாத நகல்.
எழுநூற்று முப்பது பக்கம்,
கால்வாசிக்குப் பிறகு ஒவ்வொன்றின் தலையிலும்
திருடனுக்குப் போடுவதுபோல் நான் போட்டது:
சின்னராஜ் என்கிற அபூதர்.
சின்னராஜ் என்கிற அபூதர்.

பக்கம் 212ஐ உருவிக் கொடுத்தேன்.
திம்மராயன் நின்றபடியே படித்தான்.
படித்துக்கொண்டே கையசைத்து
வேன்காரனைப் போகச் சொன்னான்.
மீதிப் பக்கங்களும் வேண்டும் என்றான்.

மலையடிவாரத்தில் அடக்கம்.
மதிலுக்கு வெளியே ஆலைப் பெண்கள்,
மாங்காய்ப் பால் பட்டுக் கறுத்த விரல்கள்.
மூன்று பிடி மண் நானும் போட்டேன்.
யாரும் என்னை யாரென்று கேட்கவில்லை,
எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

திரும்பும் வழியில் டீக்கடை.
அவர் கணக்கில் நூற்று நாற்பது பாக்கி.
எடுத்துக் கொடுத்தேன்.
கடைக்காரர் நோட்டைப் புரட்டி
பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு
எந்தப் பேரில் கழிக்கட்டும் என்றார்.